நம்ம கரடு

என் நாத்தனாரை ஊரில் எல்லோரும் சிஸ்டரு என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியர் மடத்தை விட்டு வந்து, வெள்ளை உடுப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரண நூல் சேலைக்கு மாறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா என்பதால் நான் மட்டும் அண்ணி என்பேன். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேயும் எழுத வரவில்லை.

வந்த அன்று சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து, "நம்ம துண்டு எங்க கண்ணு?" என்று கேட்டார். கொடியில் கிடந்த வீட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

"இது இல்ல. நம்ம துண்டு."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவர் தன்னுடைய துண்டைக் கேட்கிறார் என்று. மடத்தில் அப்படித்தான் பழக்கமாம். என் தட்டு, என் தலையணை என்று யாரும் சொல்லக் கூடாது. உடுத்துகிற துணிகூட நம்ம துணிதான். சின்னப் பெண்ணாகப் போனவர், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தார். 'என்' என்கிற சொல் அவர் நாக்கிலிருந்து கழன்று போயிருந்தது.

'நம்ம' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'எங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் யோசித்துப் பேசுவதில்லை. அண்ணி யோசித்துப் பேசினார்.

ஏன் மடத்தை விட்டு வந்தார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காசநோய் என்றார்கள், கோபம் என்றார்கள். நான் கேட்டதே இல்லை. கேட்கிற தைரியம் எனக்கு எதிலும் கிடையாது. அவராகவே ஒரு தடவை சொன்னார், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

"அங்க எல்லாமே நம்மதான் கண்ணு. சாமான் ரூம்பு சாவி மட்டும் மதர் இடுப்புல இருக்கும். 'நம்ம சாவியை ஒரு நாளைக்கு நான் வெச்சுக்கட்டுங்களா'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணி அப்படிக் கேட்கக்கூடியவர்தான்.

எங்கள் ஊர் கம்பைநல்லூரிலிருந்து உள்ளே போக வேண்டும். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் வீடுகள் ஒரு தெரு, மற்றவர்கள் மூன்று தெரு. எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அம்மா முனியப்பனுக்குக் கோழி அறுக்கிறவள். அண்ணியிடம் அவளுக்கு நல்ல ஒட்டுதல். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணி சாதாரணமாகக் கேட்டார்:

"நம்ம வூட்டுக்காரரு சந்தையிலிருந்து வந்துட்டாருங்களா?"

"ஐயோ சிஸ்டரு! அவரு எனக்கு மட்டுந்தான்!" என்று அவள் கூவியது தெருக் கோடிவரை கேட்டது. "பொதுவுல வெச்சாலும் அந்த ஆளை யாரும் எடுத்துக்க மாட்டாங்கங்கிறது வேற விசயம்."

கோயிலிலும் இந்த வம்பு இருந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தில் 'எங்கள் தந்தையே' என்று வரும். அண்ணி அந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி 'நம்ம தந்தையே' என்பார். முன்வரிசையிலிருந்து, செபம் நடத்துகிற உபதேசியார் இருமுவார். சளி இருமல் இல்லை, திருத்துகிற இருமல். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார்.

"சாமியையே பொதுவுடைமை ஆக்கிட்டியா அக்கா?"

"அவரைப் பாத்துப் பேசறோம், அதனால 'எங்கள்'தான் சரி. எனக்குந் தெரியும். ஆனா அவரை வெளிய நிறுத்தி வெச்சுப் பேச மனசு வரல தம்பி."

அக்காவும் தம்பியும் இப்படிப் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு பருவம் இருந்தது, புளி தட்டுகிற பருவம். வாசலில் புளியைக் கொட்டி, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்க வேண்டும். கைக்கு மட்டும்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் சலூனில் பேப்பர் படித்துவிட்டு வந்து அக்காவுக்கு வலது பக்கம் உட்காருவார். பேச்சு தொடங்கிவிடும். யார் மடக்கினாலும் மற்றவர் ஒரு புளியங்கொட்டையை அவர் பக்கம் எறிய வேண்டும். அதுதான் அவர்களுக்குள் பரிசு.

"ருசியாவுல ரொட்டி வாங்கறதுக்கு மைல் கணக்குல வரிசை நிக்குதாம். உன் சோசலிசம் நல்லா இருக்குது அக்கா."

"நம்ம ரேசன் கடையில மட்டும் நாற்காலி போட்டு உக்கார வெச்சா மண்ணெண்ணெய் ஊத்தறாங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன். ரேசன் கடையும் சோசலிசந்தான். பாரு, வரிசை!"

அண்ணி சிரித்துக்கொண்டே கொட்டையை எறிவார். தோற்றாலும் சிரிப்பார். அது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத குணம்.

"ஊர்ப் பொதுக் கிணத்தைப் பாரு," என்பார் இவர். "செத்த நாய் மெதக்குது. தோட்டத்துக் கிணத்தைப் பாரு, கண்ணாடியாட்ட இருக்குது. ஒருத்தனுதுன்னு இருந்தாத்தான் அக்கா பாத்துக்குவான். பொதுன்னா யாரு பாக்கறா?"

"பொதுன்னதால நாய் விழல. தூர் வார்றதுக்கு வந்த பணம் என்னாச்சுன்னு கேக்க ஆளில்லாததால விழுந்துச்சு."

"கேக்க ஆளில்லைன்னா அதுக்குப் பேருதான் பொது."

மறுபடியும் கொட்டை. ஆனால் அண்ணி விடமாட்டார். நாரை உருவியபடி மெதுவாகச் சொல்வார்.

"ஒருத்தன் கையில இருந்தா சுத்தமாத்தான் இருக்கும் தம்பி, இல்லைங்கல. ஆனா தாகம் எடுத்தவன் அவன் மூஞ்சியைப் பாத்துத்தான் குடிக்கணும்."

இந்தத் தடவை இவரிடமிருந்து கொட்டை அந்தப் பக்கம் போகும்.

நான் கதவுக்குப் பின்னால் முறத்தோடு நிற்பேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள். சோசலிசம், முதலாளித்துவம் என்பதெல்லாம் எனக்கு ரேடியோவில் செய்திக்கு முன்னால் வருகிற இரைச்சல் போலத்தான். ஒரு நாள் அண்ணி திரும்பி, "நீ சொல்லு கண்ணு, யார் சொல்றது சரி?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "கேக்கறப்ப அவரு சொல்றது சரியா இருக்குதுங்க. அப்புறம் களி கிண்டறப்ப நீங்க சொன்னது சரியா இருக்குதுங்க," என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி எனக்கும் ஒரு கொட்டை எறிந்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனேன்.

அந்த வருஷங்களில்தான் கரட்டுக்குக் கம்பெனி வந்தது.

கரடு என்றால் பெரிய மலை இல்லை. ஊருக்கு மேற்கே பாறையும் புதருமாகக் கிடந்த குன்று. சீத்தா மரங்கள் தாமாக முளைத்துத் தாமாகக் காய்க்கும். யார் வீட்டு ஆடும் மேயலாம், யாரும் விறகு பொறுக்கலாம். பாதி ஏறினால் இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு சுனை. கோடையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றி அடி தெரியும்போதும் அதில் தண்ணீர் இருக்கும். பெண்கள் குடத்தோடு ஏறுவோம். நான் வாயைத் திறந்து பேசிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அங்கே ஆண்கள் வருவதில்லை.

சுனைக்குப் போகிற வழியில் முனியப்பன் கல் இருந்தது. அண்ணி போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு கை தண்ணீர் ஊற்றுவார். உபதேசியார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா சிஸ்டரு, முனியப்பன் எப்ப நம்ம சாமி ஆனான்?"

"கரடு நம்மளுதுங்க. காவலுக்கு இருக்கறவரை மட்டும் எப்படிங்க பிரிக்கறது?"

இந்தக் கரட்டில் இருந்தது கறுப்புக் கல்லாம். அறுத்து மெருகு போட்டால் முகம் பார்க்கலாமாம். கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கே கல்லறை கட்டுகிறார்களாம். அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "நம்ம கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வேலிகூட இல்ல. நம்ம கரடு யாரு மேலயோ போயிப் படுத்துக்கப்போவுது," என்றார். பக்கத்து வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அவர் வந்தது கம்பெனி ஜீப்பில். கம்பெனி மேனேஜர் முதலில் இறங்கி, சுற்றி வந்து, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் பக்கம் நான் கடைசியில் நின்றிருந்தேன்.

"கரடு அரசாங்கப் புறம்போக்கு," என்றார் அதிகாரி. "அரசாங்கம் குத்தகைக்கு விடுது. இதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

அண்ணி எழுந்தார்.

"அரசாங்கம்னா யாருங்க?"

"மக்கள்தாம்மா."

"அப்ப நம்ம கரடுதானுங்களே."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பொறுமையாகத்தான் பேசினார்.

"ரொம்ப சரிம்மா. நம்ம கரடுதான். நம்ம அரசாங்கம் நம்ம கம்பெனிக்குக் குடுக்குது. கல்லு கப்பல் ஏறினா நம்ம நாட்டுக்குப் பணம் வருது. நம்ம ஊருக்கு வேலை வருது, ரோடு வருது. எல்லாம் நம்மதான். இன்னும் என்னம்மா வேணும்?"

கைதட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரரும் தட்டினார். அண்ணி தன் கையிலிருந்து ஒரு பொருளை யாரோ வாங்கிக்கொண்டு போனதுபோல நின்றார்.

"சுனைங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ம சுனைக்கு ஒண்ணும் ஆவாதுங்கம்மா," என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் அண்ணி ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாசலைத் தாண்டித் தெருவில் எறிந்தார். "அந்த ஆபீசருக்கு," என்றார். "நல்லாப் பேசினாரு. நியாயமா அவருக்குத்தான் சேரணும்."

கொஞ்ச நாளில் ஊரே 'நம்ம கம்பெனி' என்று பேசத் தொடங்கியது. நம்ம கம்பெனி கோயிலுக்கு மைக் செட்டு வாங்கித் தந்தது. முனியப்பனுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துத் தந்தது. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் கம்பெனிக்காகவும் வேண்டிக்கொண்டார். அவர் 'நம்ம கம்பெனி' என்று சொன்னபோது யாரும் இருமவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மேஸ்திரி ஆனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மழை ஏமாற்றி நிலக்கடலை உள்ளே பருப்பில்லாமல் பொக்காகப் போன வருஷம் அது. இரண்டு பெண்பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள். முழங்கால் மண்ணோடு வருகிறவர், காலில் செருப்பும் கையில் விசிலுமாகப் போனபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அண்ணியும் முதல் நாள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினார்.

ரோடு வந்தது. தார் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து நேராகக் கரட்டுக்குப் போனது. ஊருக்குத் திரும்பவில்லை.

"இது சர்க்கார் ரோடா தம்பி, கம்பெனி ரோடா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பழைய நாளாக இருந்தால் இதற்கு ஒரு கொட்டை விழுந்திருக்கும். இவர் எழுந்து வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். புளி தட்டுகிற பருவம் வந்தது. பேச்சில்லாமல் தட்டினோம். கொட்டை எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் சுனையைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்கள். அடியில் இருப்பதுதான் முதல் தரமான கல்லாம்.

குடம் எடுக்க வந்த பெண்களிடம் அண்ணி சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் இங்க வந்து உக்காந்துக்கலாம். நம்ம மேலயா வெடி வெப்பாங்க?" எல்லோரும் சரி என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா, "நான் மொதல்ல வர்றேன் சிஸ்டரு, சேலையில கொய்யாப்பழம் கட்டிக்கிட்டு வர்றேன், பசிச்சா தின்னலாம்," என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணி ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. "காய்ச்சல் சிஸ்டரு," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அவள் வீட்டுக்காரர் கம்பெனியில் வாட்ச்மேன். எந்த வீட்டை எடுத்தாலும் யாராவது ஒருவர் கம்பெனியில் இருந்தார்கள். அண்ணி தனியாகவே ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க மேஸ்திரி. நம்மளுக்குள்ள போலீசு எல்லாம் எதுக்கு?" என்று மெதுவாகத்தான் சொன்னாராம். "நீயும் வா. சோறு கொண்டாந்தேன்னு சொல்லு. நீ சொன்னா கேக்கும்," என்றார் என்னிடம். நான் தூக்குப்போசியில் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

அண்ணி சுனை ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எந்திரி. வெடி வெக்கணும்."

"வெச்சுக்க. நான் உக்காந்திருக்கறது நம்ம சுனை."

"வெளையாடாத. போலீசைக் கூப்புடறேங்கறாங்க."

"வரட்டும். அவங்களும் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போவட்டும்."

இவர் பக்கத்தில் குந்தினார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது, சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவதுபோலச் சொன்னார்: "ஒரு கொட்டை தர்றேன் அக்கா. எந்திரி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டி அவர் தலையைத் தடவினார். "கொட்டை எல்லாம் நீயே வெச்சுக்க சாமி. நம்மளுக்குச் சுனை போதும்."

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஜீப் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. "மேஸ்திரி!" என்று குரல் வந்தது. இவர் கீழே பார்த்தார். ஊர் ஆட்கள் எல்லோரும் தலையை உயர்த்தி இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் மாறியது.

"உனக்கென்ன? புருசனா, புள்ளையா? நல்லா உக்காந்துக்குவ. எங்க வூட்டுல இருந்துக்கிட்டு, எங்க சோத்தைத் தின்னுக்கிட்டு, எங்க பொழப்புல மண்ணைப் போடறியே!"

அண்ணி தலையை உயர்த்தித் தம்பியைப் பார்த்தார்.

"எங்க?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எங்கே என்று இடத்தைக் கேட்டாரா, எங்களுடைய என்று இவர் சொன்ன சொல்லைத் திருப்பிக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் நம் வாயில் ஒரே சொல்லாகத்தானே வருகிறது. இவருக்குப் புரிந்ததோ என்னவோ, துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

அண்ணி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தார். இறங்கிப் போனார். போலீசுக்குப் பயந்து இறங்கவில்லை, மேனேஜருக்குப் பயந்தும் இல்லை. வழியில் முனியப்பனுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. களியைத் தொடவில்லை. அன்று மத்தியானம் வெடி வைத்தார்கள். வீட்டில் அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தபோது அண்ணி தலை சீவி நின்றுகொண்டிருந்தார்.

"என் பெட்டி எங்க கண்ணு?"

கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி. அதைப் பாதி இழுத்து நிறுத்தினேன். "நம்ம பெட்டிங்களா அண்ணி?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"ஆமா. என் பெட்டி," என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாயில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை. அண்ணி அவரைத் தாண்டித்தான் போனார்.

மொரப்பூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் தங்குகிற விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பெரிய பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊருக்கு ரயிலில் போகிறபோது, நான் ஒருத்தி மட்டும் போய்ப் பார்த்தேன். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்கார வைத்து மோர் கொடுத்தார். கை கழுவினேன்.

"என் துண்டுல தொடைச்சுக்குங்க," என்றார். பிறகு, "உங்க ஊர்ல மழைங்களா?" என்று கேட்டார்.

கண்ணு என்றே கூப்பிட்டவர் 'ங்களா' என்றார் என்னை. அயலார்போல.

"நம்ம ஊர்ல மழையே இல்லைங்க அண்ணி. நம்ம சுனை வத்திப்போச்சுங்க," என்றேன். ஒவ்வொரு 'நம்ம'வையும் அழுத்திச் சொன்னேன். வெட்கம் கெட்டுச் சொன்னேன்.

அவர் அண்டாவைக் கிளறினார். "அப்ப தண்ணிக்கு நீங்க என்ன பண்றீங்க?"

"கம்பெனி லாரியில ஊத்தறாங்க. அவங்களுக்கு ஞாபகம் வர்ற அன்னைக்கு."

"மூஞ்சியைப் பாத்துக் குடிக்கறீங்க," என்றார். சொல்லிவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். புகைக் கண்ணீரா வேறு கண்ணீரா என்று நானும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

கம்பெனியும் நிலைக்கவில்லை. தோண்டத் தோண்டக் கல்லில் வெள்ளை ரேகை ஓடியதாம். அப்படிப்பட்ட கல்லை வெளிநாட்டில் எடுக்க மாட்டார்களாம். பென்னாகரம் பக்கம் வேறு மலை கிடைத்ததும் ஜீப்பும் லாரியும் அங்கே போய்விட்டன. அந்த அதிகாரி அதற்கு முன்னாலேயே மாற்றலாகிப் போயிருந்தார். சுனை இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், ஆகாத கல்லின் மலையும் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர் விசிலை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி பொக்கைக் கடலைக்குத் திரும்பினார். கூடவே ஒரு இருமல்.

புளி தட்டும்போது அவர் வழக்கமான இடத்திலேயே உட்காருவார். பேப்பரில் படித்ததைச் சொல்லத் தொடங்கி இடது பக்கம் திரும்புவார். அங்கே வெறும் முறம் இருக்கும். திரும்பிக்கொள்வார். போய்க் கூட்டிக்கொண்டு வரலாமே என்று நான் சொன்னதுண்டு. "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?" என்பார். அப்படியே தள்ளிக்கொண்டு போனது.

கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது. மொரப்பூரிலிருந்து ஆள் வந்து சொன்னார். மஞ்சள் காமாலை, முற்றிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இவர் வாடகை வேனில் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுப் பலகைச் சவப்பெட்டியில். தகரப் பெட்டியையும் கூடவே எடுத்து வந்திருந்தார், வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். வீட்டுக்கு நடுவில் கிடத்தினோம். உறவுமுறைக்காரர் ஒருவர், "இங்கதான் வெக்கறதா?" என்று இழுத்தார். இவர் இடம் பண்ணக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்.

அடக்கம் பண்ண வேண்டிய பங்குச் சாமியார் வேறு ஊர்ப் பூசையை முடித்துவிட்டு வர வேண்டும். அதுவரைக்கும் செபம் சொல்லலாம் என்றார் உபதேசியார். வாசலையும் தாண்டி ஆட்கள் நின்றார்கள். நம்ம கம்பெனி என்று சொன்னவர்கள், கை தட்டியவர்கள், காய்ச்சல் என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர்தான் தொடங்க வேண்டும். இவர் பெட்டியின் தலைமாட்டில் முழந்தாள் போட்டார்.

"விண்ணுலகில் இருக்கிற நம்ம..."

உபதேசியார் இருமினார்.

இவர் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் 'நம்ம' என்றே வந்தது. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னாரா என்று அவரை நான் பிறகு கேட்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த முறை உபதேசியார் இருமவில்லை. கூட்டம் அப்படியே வாங்கிக்கொண்டு சொன்னது. சாமியார் வரும்வரை அதே செபம் திரும்பத் திரும்ப வந்தது.

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவளுக்கு எங்கள் செபம் ஒரு வரிகூடத் தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்வரை காத்திருந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் கூடச் சேர்ந்து சொன்னாள்.